வியாபாரி சொன்ன நாளில் வெட்ட வரவில்லை: நானே ஒப்பந்தத்தை ரத்து செய்யலாமா?

களக்காட்டில் ஏத்தன் வாழைத் தோட்டத்தைப் பேசி முன்பணம் வாங்கிவிட்டீர்கள். வியாபாரி குறித்த தேதியில் வரவில்லை. நீங்களாகவே ரத்து செய்து வேறு ஆளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கொடுக்கலாம்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுதான் அடிப்படை. நாள் முக்கியம் என்று இருவரும் கருதிப் பேசிய ஒப்பந்தத்தில் ஒருவர் தவறினால், மற்றவர் ரத்து செய்யலாம். நிலக் கிரயத்தில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தேதியை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. வாழைத்தார் அப்படியா? எங்கள் சித்தப்பா தோட்டத்தில் நாலு நாள் தாமதத்தில் மேல் சீப்பு மரத்திலேயே பழுத்து, அணில் கடித்து, தார் லோடுக்கே ஆகாமல் போனது. பார்க்கவே வயிறு எரிந்தது.

ரத்து செய்வதை அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். போனில் சொன்னாலும் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதமும் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் முன்பணம். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ரத்து செய்பவர் பெற்ற பலனை, இங்கே முன்பணத்தை, திருப்பித் தரச் சொல்கிறது 64-ஆம் பிரிவு. உங்கள் நஷ்டத்தை 75-ஆம் பிரிவில் கேட்கலாம்.

ஒன்று கவனம்: தாமதமாக வந்தவரை, நஷ்டஈடு கேட்பேன் என்று சொல்லாமலே வெட்ட விட்டால், பிறகு அந்தத் தாமதத்துக்காக எதுவும் கேட்க முடியாது.