எழுபது குறுங்கதைகள் கையில் இருந்தால் என்ன செய்வது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாலைந்து ஆண்டுகளாகக் குறுங்கதைகள் எழுதுகிறேன். எழுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. எழுதி முடித்ததும் முகநூலில் போட்டுவிடுவேன், நல்ல வரவேற்பு இருக்கிறது. இதழ்களுக்கு அனுப்பினால் மட்டும் பதிலே வருவதில்லை. என் கதையில் என்ன குறை? நாவல் எழுதினால்தான் மதிப்பார்களா? இப்போது ஒருவர் பணம் கட்டினால் தொகுப்பாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?" கூடவே 'ரேகை' என்று ஒரு கதையும் இணைத்திருந்தார்.

அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். ரேஷன் கடை வரிசை. ஒரு பாட்டி கருவியில் விரலை வைக்கிறார், ஏற்கவில்லை. "துடைச்சிட்டு வைங்க பாட்டி" என்கிறார் கடைக்காரர். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். அப்போதும் இல்லை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். இதுவரை ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம், அவ்வளவு நன்றாக இருக்கிறது. அப்புறம் கடைசி வரி வருகிறது: "நாற்பது வருடம் ஊரார் வீட்டுப் பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன ரேகை, பாவம் அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்?"

இந்த வரிதான் கதையைக் கெடுக்கிறது. பாட்டியின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்த வாசகரின் தோளைத் தட்டி, "புரிகிறதா?" என்று கேட்கிறீர்கள். பாத்திரம் தேய்க்கும் செய்தி முடிவில் வெடிக்க வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே, வரிசையில் நிற்கும்போது, "சீக்கிரம் விடுப்பா, ரெண்டு வீட்டுப் பாத்திரம் அப்படியே கெடக்கு" என்று பாட்டியே சொல்லட்டும். அப்போது அது ஒரு சாதாரணப் பேச்சு. விரல் ஏற்காதபோது இரண்டையும் வாசகரே சேர்த்துக்கொள்வார். கடைக்காரர் "அடுத்த ஆள் வாங்க" என்றதும் கதையை நிறுத்திவிடலாம். தலைப்பையும் மாற்றுங்கள். 'ரேகை' என்றால் படிக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடுகிறது. 'புழுங்கல் அரிசி' என்று வைத்துப் பாருங்கள், பாட்டி எதற்காக அங்கே நிற்கிறார் என்பது கடைசிவரை நினைவில் இருக்கும். குறுங்கதையில் தலைப்பும் கதையின் ஒரு வரிதான். அதை வீணாக்கக் கூடாது.

கடைசி வரித் திருப்பமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வார இதழ்களின் ஒரு பக்கக் கதை திருப்பத்தை நம்பியே வளர்ந்த வடிவம். அதன் வாசகர்கள் அதை எதிர்பார்த்துத்தான் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். சொல்வனம், வல்லினம், கனலி போன்ற இணைய இதழ்களையோ, காலச்சுவடு, கணையாழி போன்ற மாத இதழ்களையோ படிப்பவரின் எதிர்பார்ப்பு வேறு. ஒரே கதையை இரண்டு பக்கமும் அனுப்பினால் இரண்டிலும் பதில் வராது. அனுப்பும் முன் அந்த இதழின் நாலைந்து இதழ்களையாவது படித்துவிடுங்கள்.

இனி முகநூல். உங்கள் கதைகள் இதழ்களில் வராமல் நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பெரும்பாலான இதழ்களும் போட்டிகளும் முகநூல், வலைப்பூ, வாட்ஸப் குழு எதில் வந்திருந்தாலும் அதை வெளிவந்த படைப்பாகவே எடுத்துக்கொள்கின்றன. பதிவை நீக்கிவிட்டால் வெளிவராதது ஆகிவிடாது. ஏற்கெனவே போட்டவற்றைத் தொகுப்புக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். புதிதாக எழுதுவதை மூன்று மாதமாவது யார் கண்ணிலும் படாமல் வைத்திருங்கள். குறுங்கதை ஒரே அமர்வில் முடிந்துவிடுவதால் எழுதிய சூடு ஆறும் முன்பே வெளியே போய்விடுகிறது. விருப்பக் குறிகள் வந்துவிட்டால் அப்புறம் அந்தக் கதையைத் திருத்த மனமே வராது. மூன்று மாதம் கழித்துப் பார்த்திருந்தால் 'ரேகை'யின் கடைசி வரியை நீங்களே அடித்திருப்பீர்கள். கருத்து வேண்டுமென்றால், முகத்துக்கு நேராகக் குறை சொல்லக்கூடிய இரண்டு நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

அனுப்பும் முறையில் சில விஷயங்கள். யுனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து, வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்தால் ஆசிரியர் குழு மாற்றிப் படிக்கச் சிரமப்படும், பிடிஎஃப்பில் திருத்த முடியாது. கடிதம் நாலு வரி போதும்: சொந்தக் கற்பனை, எங்கும் வெளிவரவில்லை, வேறு இதழின் பரிசீலனையில் இல்லை என்ற உறுதிமொழி, அப்புறம் முகவரியும் தொலைபேசி எண்ணும். கதைச் சுருக்கமோ, எழுதத் தூண்டிய சம்பவமோ வேண்டாம். ஆங்கில இதழ்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு அனுப்ப அனுமதி உண்டு. இங்கே அந்த வழக்கம் இல்லை. மூன்று மாதம் பாருங்கள். பதில் இல்லையென்றால், கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மரியாதையாக ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். எது எங்கே, எந்தத் தேதியில் போனது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எழுபது கதை வைத்திருப்பவருக்கு அது இல்லாமல் முடியாது. தீபாவளி, பொங்கல் கதைகளை இரண்டு மூன்று மாதம் முன்பே அனுப்பிவிட வேண்டும்.

நாவல் எழுதினால்தான் மதிப்பா? உங்களுக்கு நாவல் வந்தால் எழுதுங்கள், மதிப்புக்காக வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் லிடியா டேவிஸின் கதைகளில் ஒரு பத்தியிலோ ஓரிரு வாக்கியத்திலோ முடிபவை ஏராளம். 2013இல் மேன் புக்கர் சர்வதேச விருது அவருக்குத்தான் போனது. தமிழில் எஸ். ராமகிருஷ்ணன் சிறுகதையிலும் நாவலிலும் பெயர் பெற்ற பிறகுதான் குறுங்கதைகளுக்கென்று தனித் தொகுப்பு கொண்டுவந்தார். இந்த வடிவம் வேறொன்றுக்கான பயிற்சி வகுப்பு அல்ல.

கடைசியாகப் பணம் கேட்பவர். எழுபதையும் புத்தகத்தில் போட வேண்டாம். நாற்பது, நாற்பத்தைந்து போதும். ஒரே மாதிரி முடியும் கதைகள் அடுத்தடுத்து வந்தால் பத்தாவது கதையிலேயே வாசகர் சலித்துவிடுவார். முதலில் பத்துக் கதைகளாவது இதழ்களில் வரட்டும். அதற்குப் பிறகு பதிப்பகத்திடம் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு வர வேண்டுமென்றால் ஆகஸ்டுக்குள் பிரதியைக் கொடுத்துவிடுவது நல்லது.

சொந்தப் பணத்தில் அச்சடிப்பது தவறல்ல. ஆனால் அச்சுக் கூலிக்குக் கொடுக்கிறோமா, 'எழுத்தாளர்' என்ற பட்டத்துக்குக் கொடுக்கிறோமா என்று தெரிந்து கொடுக்க வேண்டும். ஐம்பது பேரிடம் வசூலித்து, ஆளுக்கு ஒரு கதை போட்டு, சான்றிதழும் கேடயமும் தரும் தொகுப்புகளின் பக்கமே போகாதீர்கள். அவற்றை எழுதியவர்களே வாங்குகிறார்கள், வேறு யாரும் படிப்பதில்லை. ஐஎஸ்பிஎன் என்ற, புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் அங்கேயே சுதாரித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் நீங்களே போடுவதானால், மின்னூலை அங்கே மட்டுமே விற்பதாக ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்த 90 நாளும் அந்த மின்னூலின் உள்ளடக்கம் இணையத்தில் வேறெங்கும் இருக்கக் கூடாது என்பதைக் கவனியுங்கள். முகநூல் பதிவுகள் அங்கே இடிக்கும்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி கதையின் முதல் உரிமையாளர் நீங்கள்தான். பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. உரிமையை வேறொருவருக்கு மாற்றுவதென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் 'அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக' என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். அச்சு நூலுக்கு மட்டும், இத்தனை ஆண்டுக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். மின்னூல், ஒலிநூல், குறும்பட உரிமை உங்களிடமே இருக்கட்டும். குறுங்கதையைக் குறும்படமாக எடுக்கக் கேட்டு வருபவர்கள் உண்டு.

பணம் கேட்கும் அந்த நபரிடம் இவற்றைக் கேளுங்கள்: எத்தனை பிரதி அச்சாகும், அதில் என் கைக்கு எத்தனை வரும், எந்தெந்தக் கடைகளில் விற்பனைக்கு இருக்கும், விற்றதற்குக் கணக்கும் ராயல்டியும் எப்போது தருவீர்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், கடிதமாகக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் பிரதியையும் பணத்தையும் கொடுக்காதீர்கள்.