சமையலறையில் கேஸ் லீக் அலாரம் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாக வாங்க வேண்டுமா? (புதுச்சேரி ஃபிளாட், பாத்ரூமுக்குள் கேஸ் கீசர்)

கட்டாயம் வாங்குங்கள். உங்களிடம் இருப்பது எரியாமல் கசியும் சிலிண்டர் கேஸை மட்டும்தான் கண்டுபிடிக்கும். கார்பன் மோனாக்சைடு அரைகுறையாக எரிந்த கேஸிலிருந்து வருவது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அதைவிட அவசரம், கீசரை பாத்ரூமிலிருந்து எடுப்பது. சின்ன அறை, சாத்திய கதவு. மார்கழிக் குளிருக்கு வென்டிலேட்டரையும் அடைத்துவிட்டால் ஆக்சிஜன் குறைந்து சுடர் மஞ்சளாகும், கார்பன் மோனாக்சைடு பெருகும். ரத்தத்தின் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல். பிறகு எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கக்கூடத் தெம்பிருக்காது. கீசர் காற்றோட்டமான பால்கனியில் இருக்கட்டும், வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். அலாரம் இதற்கு மாற்று ஆகாது.

அலாரத்தை பேட்டரியில் ஓடுவதாக வாங்குங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளில்தான் மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைப் போர்ட்டிகோவிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்து ஓட்டுவார்கள். ஜெனரேட்டர் புகையிலும் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதனால் அது ஜன்னல், கதவிலிருந்து 6 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.

அலாரத்தில் இ.என். 50291 (EN 50291, வீட்டு கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கான ஐரோப்பியத் தரம்) என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அந்தத் தரத்தில் 300 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கு) வந்தால் 3 நிமிடத்துக்குள் கத்தும், 50 பி.பி.எம். என்றால் 60 முதல் 90 நிமிடம் ஆகும். இந்த வாயு காற்றோடு நன்றாகக் கலந்துவிடுவதால் படுக்கையறையில் தலை உயரத்தில் மாட்டினால் போதும். பாத்ரூமுக்குள் வேண்டாம், ஆவியில் கெட்டுவிடும். சிலிண்டர் கேஸ் கனமானது, அதனால் அந்த அலாரம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும்.

புகை அலாரம் படுக்கையறைக்கு வெளியே, கூரையில், ஃபேன் காற்று நேராக அடிக்காத இடத்தில். சமையலறையில் மாட்டினால் தாளிக்கும்போதெல்லாம் கத்தும். எரிச்சலில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். வீட்டில் அலாரம் இருந்தும் ஒலிக்காமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அது சத்தத்தையும் சர்க்யூட்டையும்தான் சோதிக்கும், சென்சாரை அல்ல. பின்பக்கத்தில் உள்ள காலாவதித் தேதி வந்ததும் புதிது வாங்கிவிட வேண்டும். உப்புக்காற்றில் பேட்டரி முனை பச்சை பிடிக்கும், துடையுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினால் எல்லோரும் வெளியேறி 112-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டினாலும் நம்ப வேண்டாம். சாதாரணக் கருவிக்கு இந்த வாயு பிடித்த ரத்தமும் ஆக்சிஜன் உள்ள ரத்தமாகவே தெரியும். கேஸ் கீசர் ஓடியதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.