26,397 எப்படி 5,695 ஆனது? வன்னி எம்.பி. ஒருவரின் தேர்தல் பதிவைப் படிக்கும் விதம்

கேள்வி: நெடுங்கேணியிலிருந்து எழுதுகிறேன். மகள் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறாள். எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அரசியல் வாழ்க்கையையும் தேர்தல் பதிவையும் தொகுத்து ஒப்படை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவள் செல்வம் அடைக்கலநாதனை எடுத்திருக்கிறாள். 2015இல் 26,397, 2020இல் 18,563, 2024இல் 5,695 என்று விருப்பு வாக்குகளை வரிசையாக எழுதி, ‘செல்வாக்கு ஐந்தில் ஒன்றாகிவிட்டது’ என்று முடித்துவிட்டாள். ஆனால் மூன்று முறையும் அவர் வென்றிருக்கிறார். 2020இல் 3,203 விருப்பு வாக்கு எடுத்த ஒருவரும் எம்.பி. ஆகியிருக்கிறார். இது என்ன கணக்கு? நம்பகமான விவரத்தை எங்கே எடுப்பது?

பதில்:

பிள்ளை எடுத்த மூன்று எண்களும் சரி. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் எழுதியிருந்தால் முடிவு வேறு மாதிரி வந்திருக்கும். அந்த நிரல் எது என்று சொல்வதற்கு முன், வாக்குச்சீட்டை ஒருமுறை கண்முன் கொண்டுவாருங்கள்.

மேலே கட்சிகளின் பெயரும் சின்னமும், கீழே சின்னச் சின்னக் கட்டங்களில் இலக்கங்கள். முதலில் ஒரு கட்சிக்குப் புள்ளடி. அப்புறம் அந்தக் கட்சியின் பட்டியலில் உள்ளவர்களில் விரும்பியவர்களின் இலக்கத்துக்குப் புள்ளடி. மூன்று பேர் வரை போடலாம், ஒருவருக்கும் போடலாம், ஒருவருக்குமே போடாமலும் விடலாம். வன்னிக்கு ஆறு ஆசனம் என்பதால் ஒவ்வொரு பட்டியலிலும் ஆறுடன் மூன்று சேர்த்து ஒன்பது பேர் நிற்பார்கள். வாக்கெண்ணும் கடமைக்குப் போன இரவுகளில் எனக்கு மனம் சுடுகிற சீட்டு ஒன்று உண்டு. கட்சிக்கு அழகாக ஒரு புள்ளடி இருக்கும். கீழே ஆசையாக நாலு, ஐந்து இலக்கங்களுக்குப் புள்ளடி போட்டிருப்பார்கள். கட்சி வாக்கு எண்ணப்படும். மூன்றைத் தாண்டியதால் விருப்பு வாக்கு அத்தனையும் செல்லாது. ஆகவே ஒரு வேட்பாளரின் விருப்பு வாக்கு என்பது, அவருடைய கட்சிக்கு வாக்களித்தவர்களுக்குள் எத்தனை பேர் அவர் இலக்கத்தைச் சரியாகக் குறித்தார்கள் என்பது மட்டுமே. வேறு கட்சிக்கு வாக்களித்த ஒருவர் அவரை எவ்வளவு மதித்தாலும் அந்த எண்ணுக்குள் வரமுடியாது.

எனவே விருப்பு வாக்கைத் தனியாக எழுதக்கூடாது. பக்கத்தில் அவருடைய பட்டியல் எடுத்த மொத்த வாக்கு இருக்கவேண்டும். மகளை இப்படி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். 2015இல் அவர் நின்ற, தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் வன்னியில் 89,886 வாக்கு எடுத்தது, அவருக்கு 26,397. அதாவது வீட்டுக்குப் போட்ட நூறு பேரில் 29 பேர் அவரைக் குறித்திருக்கிறார்கள். 2020இல் வீட்டுக்கு 69,916, அவருக்கு 18,563. நூற்றுக்கு 27. 2024இல் அவர் சங்குச் சின்னத்தில் நின்றார். சங்குக்கு 21,102, அவருக்கு 5,695. மறுபடியும் நூற்றுக்கு 27.

தன் பட்டியலுக்கு உள்ளே அவருடைய இடம் ஏறக்குறைய அப்படியே இருந்திருக்கிறது. 2015இலும் 2020இலும் சாள்ஸ் நிர்மலநாதனுக்கு அடுத்ததாக இரண்டாம் இடம், 2024இல் முதலிடம். சுருங்கியது பட்டியல். ஒப்படையில் எழுதவேண்டிய கேள்வி, பட்டியல் ஏன் சுருங்கியது என்பது.

அதற்கு அவருடைய அரசியல் வாழ்க்கையைச் சின்னங்களின் வழியாகப் பார்ப்பது நல்லது. 2000 ஒக்டோபர் தேர்தலில் டெலோ (தமிழீழ விடுதலை இயக்கம்) தனித்து, தன் சின்னத்தில் நின்று வன்னியில் மூன்று ஆசனம் பிடித்தபோதுதான் அவர் முதன்முதலாகப் பாராளுமன்றம் போனார். அடுத்த ஆண்டு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானது. 2001இல் அதற்குச் சின்னம் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன். 2004 முதல் 2020 வரை தமிழரசுக் கட்சியின் வீடு. 2023இல் டெலோவும் புளொட்டும் (தமிழீழ மக்கள் விடுதலைக் கழகம்) இன்னும் சிலரும் சேர்ந்து ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி அமைத்தார்கள், 2024இல் அதற்குச் சின்னம் சங்கு. ஏழு தேர்தல், நாலு சின்னம், ஏழிலும் வெற்றி. இடையில் 2015 பாராளுமன்றத்தில் குழுக்களின் பிரதித் தவிசாளராகவும் இருந்தார். டெலோவின் தலைவர் என்ற பொறுப்பையும் பிள்ளை மறக்காமல் எழுதட்டும்.

சரி, பட்டியலின் வாக்கைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்ப்போம். 2004இல் வீட்டுக்கு வன்னியில் 90,835. 2010இல் 41,673. 2015இல் மறுபடி 89,886. பாதிக்கும் கீழே போய்த் திரும்பப் பழைய இடத்துக்கே வந்திருக்கிறது. இதை மட்டும் பார்க்கும் வெளியூர்க்காரர் ஒருவர், 2010இல் சனம் கூட்டமைப்பைக் கைவிட்டது, பிறகு மனம் மாறியது என்று எழுதிவிடுவார். போர் முடிந்து ஓர் ஆண்டும் ஆகாத அந்த ஏப்ரலில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று நெடுங்கேணியில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முகாமில் இருந்தவர்கள், உறவினர் வீட்டில் இருந்தவர்கள், அடையாள அட்டை தொலைத்தவர்கள், ஆளே இல்லாமல் போனவர்கள். எல்லாக் கட்சிக்குமாகச் செல்லுபடியான வாக்கே அந்தமுறை ஒரு இலட்சத்தைக் கொஞ்சம்தான் தாண்டியது. 2020இல் அது இரண்டு இலட்சத்துக்கு மேல். வன்னியின் தேர்தல் எண்ணுக்குள் இடப்பெயர்வு எப்போதும் இருக்கிறது. 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பல தேர்தல்களில் புத்தளத்தில் இருந்துகொண்டே வன்னிக்கு வாக்களித்தார்கள். 2001 டிசம்பர் 5ஆம் திகதி வாக்களிக்க வந்தவர்களுக்குப் பாதை திறக்கவில்லை. அரச கட்டுப்பாட்டில் இல்லாத, புலிகளின் பகுதியில் இருந்தவர்களால் வாக்களிப்பு நிலையத்துக்கு வரமுடியவில்லை. அப்படித் தடுத்தது அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் பின்னர் 2003இல் தீர்ப்புக் கொடுத்தது. ஆகவே 2001 வரிசையையும் 2010 வரிசையையும் மற்ற ஆண்டுகளோடு வெறும் எண்ணாக ஒப்பிட விடாதீர்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கட்டும்.

இனி 3,203 வாக்கில் எம்.பி. ஆன கதை. அவர் ஈ.பி.டி.பி.யின் (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) குலசிங்கம் திலீபன். அந்தக் கட்சி 2020இல் வன்னியில் எடுத்தது 11,310. இதில் 3,203 என்பது நூற்றுக்கு 28. பார்த்தீர்களா, செல்வத்தின் பங்கும் இவருடைய பங்கும் ஏறக்குறைய ஒன்று. அவரவர் பட்டியலின் அளவுதான் வேறு.

11,310க்கு ஓர் ஆசனம் எப்படி வந்தது என்பதைப் பிள்ளை தானே போட்டுப் பார்க்கலாம், நாலாம் வகுப்புப் பிரித்தல் போதும். முதலில், செல்லுபடியான வாக்கில் நூற்றுக்கு 5 எடுக்காத கட்சிகளை வெட்டவேண்டும். 2020இல் மிஞ்சியவை நாலு: கூட்டமைப்பு 69,916, பொதுஜன பெரமுன 42,524, ஐக்கிய மக்கள் சக்தி 37,883, ஈ.பி.டி.பி. 11,310. கூட்டினால் 161,633. அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போய்விடும், அது கூட்டமைப்புக்கு. மீதி ஐந்து ஆசனம். 161,633ஐ ஐந்தால் பிரித்தால் ஏறத்தாழ 32,327. இதுதான் ஓர் ஆசனத்தின் விலை. கூட்டமைப்புக்கு இரண்டு முறை போகும், மீதி 5,262. பெரமுனவுக்கு ஒன்று, மீதி 10,197. மக்கள் சக்திக்கு ஒன்று, மீதி 5,556. ஈ.பி.டி.பி.க்கு ஒன்றும் போகாது. அதன் 11,310 முழுவதும் மீதி. இன்னும் ஓர் ஆசனம் பகிரப்படாமல் இருக்கிறது, அது கூடிய மீதிக்கு. 10,197க்கும் 11,310க்கும் இடையே 1,113 வாக்கு. அந்த இடைவெளியில்தான் ஆறாவது எம்.பி. தெரிவானார்.

இந்த 5 என்ற வெட்டுப்புள்ளி முதலில் 12.5 ஆக இருந்தது. 1988 டிசம்பரில் 15ஆம் திருத்தம் அதைக் குறைத்தது. 12.5 இன்றும் இருந்திருந்தால், 2024இல் நூற்றுக்கு 10.78 எடுத்த சங்கு கணக்குக்குள்ளேயே வந்திராது, செல்வத்தின் ஏழாவது வெற்றியும் இல்லை. ஒப்படையில் இதற்கு ஒரு பந்தி ஒதுக்கலாம். சட்டத்தின் ஓர் எண் ஒரு மனிதரின் அரசியல் வாழ்வை நீட்டுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் எளிதில் கிடைக்காது.

2024ஐயும் அதே முறையில் போட்டுப் பார்க்கட்டும். தேசிய மக்கள் சக்தி 39,894, ஐக்கிய மக்கள் சக்தி 32,232, தமிழரசு 29,711, சங்கு 21,102, தொழிற்கட்சி 17,710. ஆசனத்தின் விலை சுமார் 28,130. முதல் மூன்றுக்கும் ஒவ்வொன்று, சங்கும் தொழிற்கட்சியும் மீதி வாக்கில் ஒவ்வொன்று, தேசிய மக்கள் சக்திக்குப் போனஸ். வீட்டின் வாக்கையும் சங்கின் வாக்கையும் கூட்டினால் 50,813. இந்த வாக்கு முழுவதும் ஒரே சின்னத்துக்கு விழுந்திருந்தால் போனஸ் அங்கே போயிருக்கும். இரண்டு ஆசனம் மூன்றாகி, தேசிய மக்கள் சக்தி ஒன்றோடு நின்றிருக்கும். சேர்ந்து நின்றால் அதே சனம் அப்படியே போட்டிருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனாலும் பிரிவின் விலையை ஆசனக் கணக்கில் காட்டுவதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. எழுதும்போதே மனம் கனக்கிறது.

ஒப்பீட்டுக்கு இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காதர் மஸ்தான் 2020இல் பெரமுனவில் 13,454, 2024இல் தொழிற்கட்சியில் 13,511. விருப்பு வாக்கு அசையவே இல்லை. பங்கைப் பாருங்கள்: பெரமுனப் பட்டியலில் நூற்றுக்கு 32, தொழிற்கட்சியில் நூற்றுக்கு 76. தன் ஆட்களைக் கையோடு கூட்டிக்கொண்டு சின்னம் மாறியவர் என்று அது காட்டுகிறது. செல்வத்தின் எண்கள் வேறு கதை சொல்கின்றன. அவர் எப்போதும் ஒரு பொதுப் பட்டியலுக்குள் நின்றவர், பட்டியல் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கியவர்.

இந்த ஒப்படைகளில் அடிக்கடி காணும் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சி வன்னி மண்தான். ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான். 1977இல் இந்த மூன்றுக்கும் தனித்தனி எம்.பி. இருந்தார்கள், மூவரும் தமிழர் விடுதலைக் கூட்டணி. இப்போது ‘வவுனியா எம்.பி.’ என்று ஒருவர் சட்டப்படி இல்லை. அதேபோல மாகாண சபை வாக்கையும் பாராளுமன்ற வாக்கையும் ஒரே நிரலில் போடக்கூடாது. 2013 செப்டெம்பர் 21 வடமாகாண சபைத் தேர்தலில் முல்லைத்தீவு தனியாக ஐந்து பேரைத் தெரிவு செய்தது. அங்கே தெரிவான துரைராசா ரவிகரன் 2024இல் வன்னி முழுவதற்குமான வீட்டுப் பட்டியலில் 11,215 எடுத்து எம்.பி. ஆனார். இரண்டும் வேறு வேறு களம், வேறு வேறு வாக்காளர் தொகை.

அப்புறம், ‘எங்கள் ஊர் அவருக்கு இத்தனை விருப்பு வாக்குப் போட்டது’ என்று யாராவது சொன்னால் எழுதவேண்டாம். பல வாக்களிப்பு நிலையங்களின் சீட்டுகளைக் கலந்துதான் எண்ணுவோம். கட்சி வாக்கு தொகுதி வாரியாக வெளிவரும், விருப்பு வாக்கு தேர்தல் மாவட்டத்துக்கு மொத்தமாக வரும்.

விவரம் எடுக்க முதலிடம் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையதளம். கட்சி வாக்கும் விருப்பு வாக்கும் தனித்தனிக் கோப்பாக இருக்கும், இரண்டையும் இறக்கிக்கொள்ளவேண்டும். தெரிவானவர்களின் பெயர் வர்த்தமானியில் வரும். பழைய தேர்தல்களின் விவரம் அகப்படாவிட்டால் வவுனியாக் கச்சேரியில் (மாவட்டச் செயலகம்) உள்ள மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேளுங்கள். வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் சொல்லவேண்டும். ஒப்படை கொடுக்கும் திகதியைப் பார்த்து நாளை எண்ணிக்கொள்ளுங்கள்.

வாக்கோடு மட்டும் நிறுத்தினால் அது பாதிப் பதிவுதான். பாராளுமன்ற இணையதளத்தில் ஹன்சாட், அதாவது சபையில் பேசியவற்றின் பதிவு, இருக்கிறது. யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகும் என்பதால் வன்னி எம்.பி.மாரின் தமிழ் உரைகளைப் பிள்ளை நேராக வாசிக்கலாம். வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாத நாட்களில் தொடங்குவது நல்லது. காணி, மீன்பிடி, குளம், பாடசாலை என்று எங்கள் பக்கத்துச் சங்கதிகள் அந்த நாட்களில்தான் பெயர் சொல்லிப் பேசப்படும். நெடுங்கேணி என்ற சொல்லைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்கிற ஒவ்வொரு உரைக்கும் திகதியும் பக்க எண்ணும் குறித்து, வாக்கு நிரல்களுக்குக் கீழே ஒட்டட்டும்.