இறாலில் காட்மியம்: விலை பேசுவதற்கு முன் ரிப்போர்ட்டைப் படியுங்கள்

கேள்வி: ஐயா, பரங்கிப்பேட்டை பக்கம் இரண்டு குட்டையில் வனாமி இறால் வளர்க்கிறேன். 95 நாள் ஆகிறது, 40 கவுண்ட் (கிலோவுக்கு 40 இறால்) வந்துவிட்டது. வாங்க வந்த ஏஜென்ட் மாதிரி எடுத்துப்போய் ஒரு தனியார் லேபில் கொடுத்தார். காட்மியம் என்ற நச்சு உலோகம் கிலோவுக்கு 1.4 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. ஐரோப்பாவில் 0.5 தான் வரம்பாம், அதனால் பாதி விலைக்குக் கேட்கிறார். மருந்துக் கடையில் 'ஹெவி மெட்டல் ரிமூவர்' போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது? இந்த இறாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது: 'முழு இறால்', 'உலர் எடை'. ஐரோப்பிய ஒன்றியத்தின் 0.5 என்பது தலை நீக்கிய சதைக்கு, அதுவும் ஈர எடைக்கு. இறாலில் முக்கால் பங்கு தண்ணீர். காயவைத்து அரைத்தால் அதே காட்மியம் நாலு மடங்காகத் தெரியும். உங்கள் 1.4-ஐ ஈர எடைக்கு மாற்றினால் ஏறக்குறைய 0.35 வருகிறது. அதுவும் தலையோடு சேர்த்துத்தான்.

தலையை ஏன் பிரிக்க வேண்டும் என்றால், காட்மியம் போய்த் தங்கும் இடமே அதுதான். ஒரு இறாலின் தலையைத் திருகி எடுத்துப் பாருங்கள், பழுப்பும் மஞ்சளுமாகக் கூழ் போல ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் ஈரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு. சதையில் இருப்பதைவிடப் பல மடங்கு காட்மியம் அதில் சேர்ந்திருக்கும். ஆகவே சதையை மட்டும் தனியாகச் சோதித்தால் உங்கள் எண் இன்னும் இறங்கும் என்றே எதிர்பார்க்கிறேன். ஆனால் என் கணக்கை வைத்து விலை பேச முடியாது, மறு சோதனை செய்தாக வேண்டும்.

குட்டையில் நாலைந்து இடத்தில் வீச்சு வலை போட்டு இறால் எடுங்கள். தண்ணீரில் காற்றுக் கலக்கும் ஏரேட்டர் பக்கத்தில் மட்டும் எடுத்தால் போதாது. புதிய பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸில் வைத்து, என்ஏபிஎல் (லேபுகளின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபுக்கு அனுப்புங்கள். 'தோல் உரித்த சதை, ஈர எடை' என்று கைப்பட எழுதிக் கொடுங்கள். அறுவடைக்கு முன் எம்பெடா (கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) வழியாகச் செய்யும் சோதனை ஆன்டிபயாடிக்குக்கானது, உலோகம் அதில் தெரியாது.

ஆனால் ஒன்று. சதையில் வரம்புக்குக் கீழே வந்தாலும், முழு இறாலில் 0.35 என்பது வளர்ப்பு இறாலுக்கு அதிகம்தான். எங்கிருந்தோ வருகிறது. எனக்கு முதல் சந்தேகம் தீவனத்தின் மேல். கணவாய் ஈரல் தூள் சேர்த்த தீவனம் என்றால் கவனம், கணவாய் ஈரலில் காட்மியம் இயல்பாகவே மிக அதிகம். அடுத்தது, பாசி பிடிக்க நீங்கள் போடும் சூப்பர் பாஸ்பேட். பாஸ்பேட் பாறையிலேயே காட்மியம் உண்டு, உரத்தோடு அதுவும் வரும். பெயர் தெரியாத மினரல் மூட்டைகளையும் விட்டுவைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து இறாலோடு சேர்த்துச் சோதனைக்குக் கொடுங்கள். செலவுதான், ஆனால் அடுத்த வளர்ப்புக்கு அதுதான் வழிகாட்டும்.

தண்ணீரில் கலங்கலோடுதான் உலோகம் அதிகம் வரும். அதனால் ஐப்பசியில் முதல் வெள்ளம் வரும்போது மோட்டாரைத் தொடாதீர்கள். மற்ற நாளிலும் கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் எடுத்து, தேக்கக் குட்டையில் நாலைந்து நாள் தெளியவிட்டுப் பிறகு இறக்குங்கள்.

'ரிமூவர்' வேண்டாம். அதில் பெரும்பாலும் இடிடிஏ என்ற ரசாயனம் இருக்கும். தண்ணீரில் கரைந்த உலோகத்தை அது கட்டிப்போடும், குட்டையை விட்டு வெளியேற்றாது. இறாலின் உடம்பில் ஏற்கெனவே சேர்ந்ததை அது தொடவும் செய்யாது.

பிள்ளைகள் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி, எனக்கு அதுதான் முக்கியம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2010-இல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் காட்மியம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு மாதம் 500 மைக்ரோகிராம். சரியாக 0.5 வரம்பைத் தொடும் இறால் சதை ஒரு கிலோ சாப்பிட்டாலே மாதக் கணக்கு முடிந்துவிடும். அரிசியிலும் கீரையிலும் கொஞ்சம் வருவது வேறு. ஆகவே மறு ரிப்போர்ட் வரும்வரை இந்த இறாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். அதற்குப் பிறகும் தலையை ரசத்தில் போடுவது, சூப் வைப்பது இரண்டையும் நிறுத்துங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், காட்மியம் அப்படியே இருக்கும்.

அறுவடை முடிந்ததும் அடிக்கசடைக் காயவைத்து மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். கறுப்புச் சேற்றில் கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கும் உலோகம், காற்றுப் பட்டு மண் புளித்தால் கரைய ஆரம்பிக்கும். அதனால் மண்ணின் பிஎச் பார்த்துச் சுண்ணாம்பு போட்ட பிறகே தண்ணீர் விடுங்கள். சுரண்டிய மண்ணை வரப்பில் குவித்தால் மழையில் திரும்பக் குட்டைக்கே வரும். வீட்டுத் தோட்டத்துக் கத்தரிக்கும் கீரைக்கும் அதைப் போட்டுவிடாதீர்கள்.