பரணில் கிடைத்த பீங்கான் பாலாடை

கேள்வி: மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேரனுக்கு 40 நாள். என் மாமியாரின் அம்மா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போய்வந்தபோது வாங்கிய, குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த பீங்கான் பாலாடை பரணில் கிடைத்தது. உள்ளே ரோஜாப்பூ, விளிம்பில் தங்கக்கோடு. நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டேன். அதில் பாலும் உரைமருந்தும் புகட்டலாமா?
- வாசகி, திருவாரூர்

பதில்: வேண்டாம் அம்மா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காரீயம் (லெட்) என்ற நச்சு உலோகம் போகாது. அந்தக் காலப் பீங்கானின் மெருகிலும் மேலே தீட்டிய வண்ணத்திலும் காரீயம் சேர்ப்பது சாதாரணம். மெருகு தேயத் தேய அது வெதுவெதுப்பான பாலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஈயம் என்றதும் கும்பகோணத்து ஈயச் சொம்பு ரசம் நினைவுக்கு வரலாம். அது வெள்ளீயம், இது வேறு.

பெரியவர் உடம்பு, வயிற்றுக்குள் போகும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். பச்சைக் குழந்தையின் உடம்போ பாதி வரை இழுத்துக்கொள்ளும். மூளை வளரும் வயது அது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பாலாடையை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். முடியிழை போலப் பழுப்புக் கீறல்கள் தெரிந்தால், அங்கே பழைய பால் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். ஜெர்மனியின் பவேரியாவில், 2,400 ஆண்டுகளுக்கும் முந்தைய குழந்தைக் கல்லறைகளில் கிடைத்த மூக்கு வைத்த மண் கிண்ணங்களை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஆடுமாடுகளின் பால்கொழுப்பு இன்னும் அந்த மண்ணில் இருந்தது!

ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை புகட்டியிருந்தால் பதற வேண்டாம், நிறுத்திவிடுங்கள். வாரக்கணக்கில் புகட்டியிருந்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, ரத்தத்தில் காரீய அளவைப் பாருங்கள். குழந்தை சிரித்து விளையாடினாலும் பாருங்கள், வெளியே ஒன்றும் தெரியாது.

உரைமருந்து எந்தப் பாத்திரத்திலும் வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை.

பாலாடை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. குழந்தை மார்பில் சப்ப முடியாதபோது, பீய்ச்சிய தாய்ப்பாலைப் புகட்ட ஃபீடிங் பாட்டிலைவிட அதுதான் மேல். பாத்திரக் கடையில் எவர்சில்வரில் கிடைக்கும். குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்து, கடைவாயோரம் சிறிது விட்டு, விழுங்கியதும் அடுத்தது விடுங்கள். காலை நீட்டிப் படுக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து ஊற்றும் அந்தப் பழைய கைவரிசை மட்டும் வேண்டவே வேண்டாம், புரையேறிவிடும்.