வாத்து வீடும் ஹரித்துவார் கிரைண்டரும்

அன்புள்ள அக்கா,

நான் பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸில் இருக்கிறேன். சென்ற ஆண்டு குடியுரிமை கிடைத்தது. 2025 செப்டம்பரில் துணைப் பிரதமர் ஆஞ்சலா ரேனர் பதவி விலகினார். வீடு வாங்கியபோது முத்திரை வரியைக் குறைவாகக் கட்டிவிட்டார், அவ்வளவுதான் விஷயம். பத்திரிகையில் வந்து சில நாட்களுக்குள் போய்விட்டார். நம் ஊரில் நினைத்துப் பார்க்க முடியுமா? வெட்கம் என்பது இவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. மன்னர் என்று ஒருவர் இருப்பதால் வந்த ஒழுங்கா இது?

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கட்சியின் உள்ளூர்க் கிளையில் இருக்கிறார், என்னையும் சேரச் சொல்கிறார். சேரலாமா? பிரிட்டிஷ் அரசியலைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல புத்தகமும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

புத்தகம் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் போடுவதை நிறுத்தி நாளாகிறது. மன்னர் பற்றிய கேள்விக்கு ஒரே சொல்: இல்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. போன மாதம் திருச்சி வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு பழைய கிரைண்டர் இறங்கியது. அன்றிலிருந்து உங்கள் கடிதத்தில் இருக்கும் அதே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டருக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த ரத்தம். படித்தவர், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், இப்படி எழுதலாமா? 1695இல் அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் சபாநாயகர் சர் ஜான் டிரெவர், லண்டன் நகர நிர்வாகத்திடம் ஆயிரம் கினி (அந்தக் காலத் தங்க நாணயம்) வாங்கிக்கொண்டு ஒரு மசோதாவுக்கு வழிவிட்டார். அவர் குற்றவாளி என்ற தீர்மானத்தை அவரே சபையில் வாசித்து, அவரே வாக்கெடுப்புக்கு விட வேண்டியிருந்தது. சபாநாயகரல்லவா, வேறு யார் வாசிப்பது? லாய்ட் ஜார்ஜ் பிரதமராக இருந்தபோது பட்டங்களுக்கு விலையே இருந்தது, சர் பட்டம் பத்தாயிரம் பவுண்டு. அதைத் தடுக்க 1925இல் தனிச்சட்டம் போட்டார்கள். ரத்தம் நடுவில் எங்கே போயிருந்தது?

நம் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குச் சின்னச் சம்பளத்தில் மதராஸ் வந்த பால் பென்ஃபீல்ட், ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குக் கடன் கொடுத்தார். அந்தக் கடனைக் காட்டித் தஞ்சாவூர் விளைச்சல் மேல் தனக்குப் பாத்தியதை உண்டு என்றார். பிறகு ஊர் திரும்பி 1780இல் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். நவாபின் கடன்காரர்களுக்கென்றே அங்கே ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கடன்களைச் சரிபார்க்காமலே கர்நாடகத்து (அன்றைக்கு நவாபின் சீமைக்கு அதுதான் பெயர்) வருவாயிலிருந்து அடைக்க பிரதமர் பிட்டின் அரசு ஒப்புக்கொண்டபோது, 1785 பிப்ரவரி 28 அன்று எதிர்க்கட்சி உறுப்பினர் எட்மண்ட் பர்க் எழுந்து, இது தேர்தலுக்கான கைம்மாறு என்று மணிக்கணக்கில் கிழித்தார். ஓட்டில் தோற்றார். பின்னாளில் 1801இல் கம்பெனி கர்நாடகத்தை எடுத்துக்கொண்ட பிறகு, நவாப் எழுதித் தந்ததாகச் சொல்லப்பட்ட இன்னொரு குவியல் பத்திரங்கள் வந்தன. இந்த முறை ஆணையம் போட்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்கள். கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. கடன்காரர்கள் ஒரே ரகம்தான். முதல் முறை யாரும் தாளைப் பார்க்கவில்லை, இரண்டாம் முறை பார்த்தார்கள்.

நான் சொல்ல வந்தது இந்தத் தாள் பார்ப்பதைப் பற்றித்தான். அதற்கு 2009க்கு வர வேண்டும். அப்போது நீங்கள் கல்லூரியில் இருந்திருப்பீர்கள்.

அந்த மே மாதம் 'டெய்லி டெலிகிராப்' நாள்தோறும் எம்.பி.க்களின் செலவுக் கணக்கை அச்சிட்டது. தொகுதியில் ஒரு வீடு, லண்டனில் ஒரு வீடு என்று இருப்பவர்களுக்கு இரண்டாம் வீட்டுப்படி ஆண்டுக்குச் சுமார் 24,000 பவுண்டு வரை இருந்தது. 2008 வரை 250 பவுண்டுக்குக் கீழே ரசீதே வேண்டாம். உள்துறை அமைச்சர் ஜாக்கி ஸ்மித்தின் கணக்கில் 88 பென்ஸுக்குக் குளியல் தொட்டி அடைப்பான் இருந்தது. டக்ளஸ் ஹாக்கின் கணக்கில், மாளிகையைச் சுற்றிய அகழியைத் தூர்வார இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல். இன்றைக்கு இது முதல் வீடு, நாளைக்கு அதுவே இரண்டாம் வீடு என்று மாற்றி எழுதி, இரண்டையும் அரசுப் பணத்தில் செப்பனிட்டவர்கள் இருந்தார்கள். நாடாளுமன்றத்திடம் இரண்டாம் வீடு என்று சொன்னதையே, விற்கும்போது வரித்துறையிடம் முதல் வீடு என்று சொன்னவர்களும் உண்டு. பெரும்பாலானவர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: "எல்லாம் விதிப்படிதான்." அது பெரும்பாலும் உண்மையும்கூட. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இவ்வளவிலும் உலகம் இன்றுவரை நினைவு வைத்திருப்பது வாத்து வீட்டை. காஸ்போர்ட் தொகுதி உறுப்பினர் சர் பீட்டர் விக்கர்ஸ், தன் தோட்டத்துக் குளத்தில் வாத்துகளுக்காக மிதக்கவிட்ட ஒரு குட்டி மரவீடு. 1,645 பவுண்டு. கேலிச்சித்திரம் போடாதவர்கள் இல்லை. வாத்துகளுக்கே அது பிடிக்கவில்லை என்று அவர் பின்னால் சொன்னார், பாவம்.

ஆனால் அந்த வாத்து வீட்டுக்கு அரசு ஒரு பென்னிகூடக் கொடுக்கவில்லை. கணக்கு அலுவலகத்தில் யாரோ ஒருவர் அந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவால் 'அனுமதிக்க முடியாது' என்று எழுதி நிறுத்திவிட்டார். விக்கர்ஸ் பெயர் எல்லாருக்கும் தெரியும், வாத்து வீட்டின் விலை எல்லாருக்கும் தெரியும். ஓரத்தில் எழுதிய கை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கைதான் வேண்டும், கார்த்திகேயன். அன்றைக்கு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, அடுக்கிலிருந்து ஒரு பில்லை எடுத்து, 'வாத்து' என்ற சொல்லைப் படித்துவிட்டு, ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும். எதிரில் இருப்பது எம்.பி. கையெழுத்து. இவருடைய சம்பளமே அந்தச் சபை போடுவது. அந்த அலுவலகம் பொதுவாகத் தாராளமாகப் பாஸ் பண்ணுகிற இடம், "இன்னும் மீதி இருக்கிறதே, எடுத்துக்கொள்ளலாமே" என்று எம்.பி.க்களுக்கு எடுத்துச் சொன்ன இடம் என்றுதான் பெயர். அங்கே இருந்துகொண்டு எழுதியிருக்கிறார்.

எங்கள் அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பில் பிரிவில் இருந்தார். எழுபதுகளின் கடைசி. ஒரு மேலதிகாரியின் பயணப்படி பில் அவர் மேஜைக்கு வந்தது. மதுரையில் இரண்டு இரவு தங்கல். அதில் ஓர் இரவு அந்த அதிகாரி திருச்சி தெப்பக்குளக் கரையில் குடும்பத்தோடு நின்று பஜ்ஜி சாப்பிட்டதை அப்பாவே பார்த்திருக்கிறார், வணக்கமும் சொல்லியிருக்கிறார். சிவப்பு மையில் ஓரத்தில் 'நாட் அட்மிசிபிள்' என்று எழுதினார். மூன்று மாதத்தில் சேலத்துக்கு மாற்றல். நான் பள்ளிக்கூடம் மாறினேன். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அப்பா அதைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை. நாங்கள் பெரியவர்களான பிறகு சித்தப்பா சொல்லித்தான் தெரியும்.

இதோடு நிறுத்தியிருந்தால் அப்பாவின் புகைப்படத்துக்கு மாலை போட்டுவிட்டு உங்களுக்கும் ஒரு நல்ல கதை கிடைத்திருக்கும்.

1984இல் திருச்சிக்கே திரும்பியிருந்தோம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போய்வர எல்.டி.சி. என்று அரசு பயணச் செலவு தரும். டூரிஸ்ட் பஸ்காரர் ஒருவர் கமிஷனை எடுத்துக்கொண்டு ரசீது தருவார், பஸ் ஏற வேண்டியதில்லை. அப்பா பன்னிரண்டு நாள் லீவு போட்டார். ஹரித்துவார், ரிஷிகேஷ், ஐந்து டிக்கெட். நாங்கள் அந்தப் பன்னிரண்டு நாளும் லால்குடியில் ஆத்தா வீட்டில் இருந்தோம். தெருவுக்கு வரக்கூடாது என்று உத்தரவு. பள்ளிக்குத் திரும்பியதும் டீச்சர் கேட்டார், "கங்கை எப்படிடீ இருந்துச்சு?" "சில்லுன்னு இருந்துச்சு டீச்சர்" என்றேன். அந்தப் பணத்தில்தான் கிரைண்டர் வந்தது. வீட்டில் அதற்குப் பெயரே ஹரித்துவார். "ஹரித்துவார்ல உளுந்து போட்டிருக்கேன், பார்த்துக்கோ" என்பாள் அம்மா. ஒருநாள் நான் அப்பாவிடம் கேட்டேவிட்டேன். கோபப்படவில்லை. "எல்லாரும் எடுக்கிறதுதாம்மா. அது சம்பளத்துல சேர்ந்ததுதான்" என்றார். அந்த பில்லைப் பாஸ் பண்ணியவர் அடுத்த மேஜைக்காரர். அவருடைய பில்லை அப்பா பாஸ் பண்ணினார். இரண்டிலும் ஓரம் வெள்ளையாகவே இருந்தது.

வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்திலும் இதே வாக்கியம்தான் பேச்சாக இருந்தது. எம்.பி.க்களுக்குச் சம்பளம் கூட்டினால் மக்கள் திட்டுவார்கள் என்று ஒவ்வொரு அரசும் பயந்தது. படியை மட்டும் சத்தமில்லாமல் கூட்டியது. புதிதாக வருகிறவர்களுக்கு மூத்தவர்கள் "சம்பளத்தில் சேர்ந்ததுதான், எடுத்துக்கொள்" என்றார்கள். அதனால்தான் அவர்களை நான் முழுசாகத் திட்டுவதில்லை. அந்தக் கிரைண்டரில் அரைத்த மாவில் இருபது வருடம் இட்லி தின்றவள் நான்.

சரி, அவர்கள் எப்படி மாட்டினார்கள்? வெட்கத்தாலா? ஹெதர் புரூக் என்ற பத்திரிகையாளர், தகவல் சுதந்திரச் சட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அந்த ரசீதுகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தர மறுத்தார்கள். 2007இல் நாடாளுமன்றத்துக்கே அந்தச் சட்டத்திலிருந்து விலக்குத் தரும் மசோதாவைக் கீழவையில் நிறைவேற்றினார்கள், மேலவையில் அதைக் கையில் எடுக்க ஆள் இல்லாமல் செத்தது. 2008 மே மாதம் உயர் நீதிமன்றம் கொடுக்கத்தான் வேண்டும் என்றது. அப்புறமும் இழுத்தார்கள். அதற்குள் யாரோ உள்ளிருந்து முழுக் கணக்கையும் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஜூனில் நாடாளுமன்றம் தானாக வெளியிட்ட நகலில் முகவரிகள் மேல் கறுப்பு மை பூசியிருந்தார்கள். வீட்டை மாற்றி மாற்றி எழுதிய வித்தை அந்த நகலை மட்டும் பார்த்தால் தெரிந்தே இருக்காது. மே 19 அன்று சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் விலகுவதாக அறிவித்தார், டிரெவருக்குப் பிறகு அப்படி வெளியேற்றப்பட்ட முதல் ஆள். போலி ரசீது கொடுத்துச் சுமார் 20,000 பவுண்டு கேட்ட டேவிட் சேட்டருக்குப் பதினெட்டு மாதச் சிறை. அதற்கு முன், 1689ஆம் ஆண்டு உரிமைச் சாசனம் எங்களைக் காக்கிறது, நீதிமன்றம் எங்களை விசாரிக்கக்கூடாது என்று அவரும் அவரோடு மாட்டிய சிலரும் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள். வெட்கம் ரத்தத்தில் இருந்தவர்கள் செய்கிற காரியமா இது?

ரேனர் விஷயத்தில் உங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகம் எனக்குத் தெரியாது. ஹோவ் என்ற கடற்கரை ஊரில் 8,00,000 பவுண்டு வீடு, வரி 70,000 கட்டியிருக்க வேண்டும், 30,000தான் கட்டினார். விசாரித்த சர் லாரி மேக்னஸ், அவர் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார், ஆனால் இதற்கென்று தேர்ந்த வரி ஆலோசகரைக் கேட்காதது அமைச்சர்களுக்கான நெறிமுறையை மீறியது என்று எழுதினார். அதற்கு அவர் போனார். அதே அரசின் பிரதமர் கியர் ஸ்டார்மர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது, ஒரு பிரபு அவருக்கு வேலைக்கான உடுப்புக்கு 16,200 பவுண்டும் மூக்குக்கண்ணாடிக்கு 2,485 பவுண்டும் கொடுத்தார். பதிவேட்டில் இருக்கிறது. விதிப்படிதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எதற்கு யாரும் விலக வேண்டியிருக்கவில்லை என்று.

நீங்கள் கேட்டது கட்சியில் சேரலாமா என்று, இல்லையா? சேருங்கள், சேராமலும் இருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர் என்றால் கூட்டத்தில் டீயாவது கிடைக்கும். ஆனால் பன்னிரண்டு வருடம் அந்த ஊரில் வரி கட்டியிருக்கிறீர்களே, ஒருமுறையாவது உங்கள் நகராட்சியின் பில்லைப் பார்த்திருக்கிறீர்களா? இங்கிலாந்தில் ஆண்டுதோறும் முப்பது வேலை நாட்கள் நகராட்சியின் கணக்கு, ரசீது, ஒப்பந்தம் எல்லாவற்றையும் கேட்டுப் பார்க்க மக்களுக்கு உரிமை இருக்கிறது. நகலும் எடுக்கலாம். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். நாட்டின் ரத்தத்தைப் பற்றி எனக்கு ஒன்றரைப் பக்கம் எழுத நேரமிருந்த உங்களுக்கு, அதற்கு ஒரு மத்தியானம் இருக்காதா?

அந்த நாட்களில் போய்விட்டு எழுதுங்கள். எந்த பில் என்றாலும் சரி, சாலைக்குப் போட்ட உப்போ, பூங்காவுக்கு வாங்கிய பெஞ்சோ. தொகை எனக்கு வேண்டாம். ஓரத்தில் யாராவது கையால் எதையாவது எழுதியிருந்தால் அதை மட்டும் அப்படியே பிரதி எடுத்து அனுப்புங்கள்.

கிரைண்டரை எடைக்குப் போடவில்லை. கல் நன்றாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா