ஒன்றைக் கழிப்பது ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு விலக்க வர்க்கச் சராசரி சொல்லிக்கொடுத்தேன்: ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலக்கங்களை வர்க்கமாக்கிக் கூட்டி, எண்ணிக்கையால் வகுப்பது. 4, 6, 8, 10, 12 என்று ஐந்து எண்கள். பாடநூல் முறையில் விடை 8. எக்ஸெலில் வார்.எஸ் (VAR.S) என்ற சார்பைப் போட்டால் 10 வருகிறது. 5ஆல் வகுக்காமல் 4ஆல் வகுக்கிறது. எது சரி? "விதி அப்படி" என்று மகளிடம் சொல்ல மனம் வரவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் சரி. அந்த ஐந்து எண்களைப் பற்றி மட்டும்தான் கேள்வி என்றால் அவையே முழுத்தொகுதி. 5ஆல் வகுக்க வேண்டும். பாடநூல் செய்வது அதைத்தான், எக்ஸெலின் வார்.பி (VAR.P) சார்பு செய்வதும் அதைத்தான். பெரிய கூட்டம் ஒன்றிலிருந்து எடுத்த மாதிரி அவை, அந்தக் கூட்டத்தின் சிதறலை மதிப்பிட வேண்டும் என்றால் 4ஆல் வகுக்கிறோம்.

ஏன் 4? எல்லா விலக்கங்களையும் கூட்டினால் பூஜ்யம் வரும், அதனால் நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானாகத் தெரிந்துவிடும் என்று பல நூல்கள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். உண்மைதான், ஆனால் மாணவரின் சந்தேகம் அதில் தீராது. இப்படிப் பாருங்கள். உங்கள் எண்களின் சராசரி 8. அதிலிருந்து விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 40. ஆனால் கூட்டத்தின் உண்மையான சராசரி 9 ஆக இருக்கலாம். 9இலிருந்து கணக்கிட்டால் 45. 7 என்று வைத்தாலும் 45. எந்த எண்ணை வைத்தாலும் 40க்குக் கீழே போகாது, ஏனென்றால் 8 அந்த ஐந்து எண்களிலிருந்தே பிறந்தது. உண்மையான சராசரி தெரியாமல் மாதிரியின் சராசரியை வைத்துக்கொள்வதால் சிதறல் குறைவாகவே தெரிகிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வகுக்கும் எண்ணைக் குறைக்கிறோம்.

சரி, குறைப்பது ஏன் சரியாக ஒன்று? இதை மகளே தாளில் போட்டுப் பார்க்கட்டும். முழுத்தொகுதி 2, 4, 6 மட்டும். சராசரி 4, விலக்க வர்க்கச் சராசரி 8/3. ஒரு எண்ணை எடுத்து, திருப்பிப் போட்டு, இன்னொன்றை எடுத்தால் ஒன்பது ஜோடிகள் கிடைக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் 2ஆல் வகுத்துக் கணக்கிட்டால் மூன்று ஜோடிகளில் 0, நான்கு ஜோடிகளில் 1, இரண்டு ஜோடிகளில் 4 வரும். கூட்டினால் 12, சராசரி 4/3. உண்மை மதிப்பில் பாதிதான்! 2க்குப் பதில் 1ஆல் வகுத்தால் எல்லாம் இரட்டிப்பாகி, சராசரி அப்படியே 8/3. ஒன்பது வரிகளில் விஷயம் கண்ணெதிரே வந்துவிடும். வகுப்பறைகளில் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும் முன்பே இதைச் செய்ய வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இந்தத் திருத்தம் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸலின் பெயரால் வழங்குகிறது. ஆயிரம் எண்கள் இருந்தால் வித்தியாசம் 0.1 சதவீதம்தான், யாரும் கவலைப்பட வேண்டாம். உங்கள் ஐந்து எண்களில் அது 25 சதவீதம். டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த காசெட், 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்டது இந்தச் சிறிய மாதிரிகளின் சிக்கலைத்தான்.

மகள் பிற்பாடு நிரல் எழுதினால் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: ஆர் (R) நிரல் மொழியின் வார் (var) சார்பு ஒன்றைக் கழித்து வகுக்கும், பைதானின் நம்பை (NumPy) நூலகம், நாம் சொன்னாலொழிய, கழிக்காது.

அப்புறம், வர்க்கமூலம் எடுத்துத் திட்ட விலக்கத்துக்குப் போனால் மறுபடி கொஞ்சம் குறையும். அதே ஒன்பது ஜோடிகளில், ஒன்றைக் கழித்த பிறகும், திட்ட விலக்கங்களின் சராசரி சுமார் 1.26, உண்மை மதிப்பு 1.63.